எழுதியதை யாரிடம் காட்டுவது, என்னவென்று கேட்பது?

ரங்கூனுக்கு அருகே உள்ள சிரியம் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி எழுதிக் கேட்டிருந்தார்: “சயாமா (டீச்சர்), எங்கள் தாத்தாவின் கதையை 40 பக்கம் எழுதியிருக்கிறேன். 1942இல் ஜப்பானியர் படையெடுத்தபோது பத்து வயதில் ரங்கூனிலிருந்து புரோம் வரை நடந்து போய், திரும்பி வந்தவர். அப்பாவிடம் கொடுத்தேன், ‘நல்லா இருக்கு’ என்றார். மாமா வாங்கி வைத்தார், மூன்று மாதமாகத் தொடவில்லை. தமிழ் தெரிந்த ஒருவர் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையால் ஒற்றுப்பிழைகளை வட்டமிட்டுத் தந்தார். மனசு விட்டுப்போய்விட்டது. இனி எங்கிருந்து திருத்துவது? யாரிடம் காட்டுவது?” முதல் இரண்டு பக்கங்களையும் சேர்த்து அனுப்பியிருந்தார்.

தங்கச்சி, அந்த மூன்று பேர் மேலும் வருத்தப்படாதீர்கள். மூன்று பேரிடமும் ஒரே கட்டை நீட்டி, “படிச்சுப் பாருங்க” என்று மட்டும் சொல்லியிருப்பீர்கள். என்ன பார்க்க வேண்டும் என்று சொல்லவில்லை. அதனால் அவரவர் கையில் இருந்ததைக் கொடுத்தார்கள். மகள் தமிழில் 40 பக்கம் எழுதினாள் என்பதே அப்பாவுக்குப் பெரிது. அவர் கொடுத்தது வாழ்த்து. தமிழ் தெரிந்தவர் தனக்கு வரும் வேலையை ஒழுங்காகச் செய்து கொடுத்தார். மாமா விஷயம் வேறு. நம் ஊரில் அவர் வயதுக்காரர்கள் பலரும் பர்மியப் பள்ளியில் படித்தவர்கள். தமிழை வீட்டில் பேசியும், கோயில் வகுப்பில் கொஞ்சம் கற்றும் வைத்திருப்பவர்கள். நாள் முழுக்கத் தமிழ் பேசுவார்கள், ஆனால் 40 பக்கம் கையெழுத்துத் தமிழைப் படிப்பது அவர்களுக்கு மலை ஏறுகிற மாதிரி. அதை மருமகளிடம் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, “இன்னும் பார்க்கலைம்மா” என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

மாலை வகுப்பு எடுப்பதிலும் திருவிழா மலர் தொகுப்பதிலும் பல வருஷம் கழித்துவிட்ட எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று இதுதான். இங்கே தமிழ் படிக்கிறவர்கள் குறைவு, தமிழ் கேட்கிறவர்கள் நிறையப் பேர். அதனால் எழுதியதைக் கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள். உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். மாமாவும் அன்றைக்கே உங்கள் வாசகராகிவிடுவார்.

இது ஏதோ படிப்புக் குறைந்த ஊருக்கான மாற்று ஏற்பாடு என்று நினைத்துவிடாதீர்கள். பழைய தமிழ் நூல்கள் பலவும் முதலில் அவையில் படித்துக் காட்டப்பட்டவைதான். தொல்காப்பியத்தின் பாயிரம் என்ன சொல்கிறது? நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டு ஆசானுக்கு “அரில்தபத் தெரிந்து” சொல்லப்பட்டது அந்த நூல் என்கிறது. அரில் என்றால் குற்றம். புதர்போலப் பின்னிக்கிடக்கும் சிக்கலுக்கும் அதே சொல்தான். சிக்கல் நீங்குமாறு ஆராய்ந்து, கேட்கத் தெரிந்த ஒருவர் முன்னால் வைத்தார்கள். அரங்கேற்றம் என்றால் இன்று நமக்கு மாலையும் மேடையும்தான் நினைவுக்கு வருகிறது. அன்று அது நூலைச் சோதித்துப் பார்க்கும் இடமாகவும் இருந்தது. நன்னூல் ஒரு பாயிரத்தில் இருக்க வேண்டியவற்றைச் சொல்லும்போது, நூல் யாருக்காக என்பதற்குக் “கேட்போர்” என்ற சொல்லைத்தான் வைக்கிறது. எந்த அவையில் அரங்கேறியது என்பதற்குக் “களன்” என்று தனியாக ஒரு பெயர். உங்கள் வீட்டுத் திண்ணைதான் உங்கள் களன். அதில் குறைவு ஒன்றும் இல்லை.

ஆனால் யாரிடம் காட்டுவதற்கும் முன்னால் நீங்கள் தனியாகச் செய்ய வேண்டியது கொஞ்சம் இருக்கிறது.

முதல் வரைவை எழுதும்போது நிற்காமல் எழுதுங்கள். தமிழ்ச் சொல் வராவிட்டால் பர்மியச் சொல்லை அப்படியே போட்டுவிட்டு மேலே போங்கள். நம் தலைக்குள் இரண்டும் கலந்துதான் ஓடுகிறது. ஒரு சொல்லுக்காக அரைமணி நேரம் உட்கார்ந்தால், பின்னால் வரவேண்டிய தாத்தாவின் முகம் மறைந்துவிடும். எழுதி முடித்ததும் கட்டிப் பரண்மேல் போடுங்கள். இரண்டு வாரமாவது பார்க்காதீர்கள். எழுதின சூட்டில் நமக்கு எழுதாததும் தெரியும். மனசில் இருப்பதைக் கண் தாளில் இருப்பதாக எண்ணி நிரப்பிக்கொண்டு போய்விடும். சூடு ஆறினால்தான் தாளில் உண்மையில் இருப்பது தெரியும்.

அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு உங்களுக்கே சத்தமாகப் படியுங்கள். கையில் பென்சில் மட்டும் போதும். நாக்கு தடுக்கும் இடத்திலும், மூச்சு முட்டும் இடத்திலும் ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள், அங்கேயே நின்று திருத்தாதீர்கள். நன்னூல் சொல்லும் பத்து அழகுகளில் “நவின்றோர்க்கு இனிமை” என்று ஒன்று உண்டு. சொல்லிப் பயில்கிறவர்களுக்கு இனிமையாக இருக்க வேண்டும் என்பது. வாயில் வைத்துப் பார்க்காமல் இதைச் சோதிக்க முடியாது.

நீங்கள் அனுப்பிய முதல் பக்கத்தில் ஒரு வாக்கியம் இருக்கிறது. அதையே எடுத்துக்கொள்வோம்:

“அப்பா சொன்னதைக் கேட்டு பெரியப்பா வண்டியைப் பூட்டி மூட்டைகளை ஏற்றி அழுதுகொண்டே கிளம்பியபோது தாத்தா கையில் ஒரு சொம்பு மட்டும் இருந்தது.”

இதில் அப்பா யார்? உங்கள் அப்பாவா, தாத்தாவின் அப்பாவா? 1942 என்பதால் தாத்தாவின் அப்பாதான் என்று யோசித்தால் தெரிகிறது. ஆனால் கேட்கிறவர் யோசிப்பதற்குள் நீங்கள் வண்டியைப் பூட்டிவிட்டீர்கள். பெரியப்பா யாருக்குப் பெரியப்பா? அழுதது அவரா? வாக்கியப்படி அவர்தான். ஆனால் அடுத்த பத்தியைப் பார்த்தால் அழுதது தாத்தாவின் அம்மா மாதிரி இருக்கிறது. குடும்பக் கதை எழுதுகிற எல்லாருக்கும் வருகிற சிக்கல் இது. தாத்தா கதை சொன்னபோது அவர் வாயால் “அப்பா” என்றார். நீங்கள் அதை உங்கள் வாயால் எழுதினீர்கள். இரண்டு தலைமுறை ஒரே சொல்லில் மோதிக்கொள்கிறது. தமிழில் ‘கேட்டு, பூட்டி, ஏற்றி, அழுது’ என்று எச்சங்களைக் கோத்துக்கொண்டே போகலாம். வினைமுற்று கடைசியில்தான் வரும். அதற்குள் ஆள் மாறிப்போனால் கேட்பவர் கைவிடப்பட்டவர்போல நிற்பார். ஆளுக்குப் பெயர் வையுங்கள், வாக்கியத்தை மூன்றாக உடையுங்கள். “தாத்தாவின் அப்பா கிளம்பச் சொன்னார். அவருடைய அண்ணன் வண்டியைப் பூட்டினார். அழுதது தாத்தாவின் அம்மா மட்டும்தான்.” பிறகு அந்தச் சொம்பு. அது தனியாக ஒரு வரியில் நிற்கட்டும்.

இந்த மாதிரிக் குழப்பத்துக்கு நன்னூலில் பெயரே இருக்கிறது, மயங்க வைத்தல். பவணந்தியார் நூலுக்கு வரக்கூடிய பத்துக் குற்றங்களை வரிசையாகச் சொல்லியிருக்கிறார். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயன் இன்மை. வகுப்பில் மனப்பாடம் செய்து மறந்துபோகிற பட்டியல் இது. எழுதினதைத் திருத்த உட்காரும்போது இதைவிட நல்ல துணையை நான் பார்த்ததில்லை. பட்டியலில் பிழையான சொல்லைப் பற்றியது எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றே ஒன்று, அதுவும் ஐந்தாவது இடத்தில். மீதி ஒன்பதும் சொல்ல வந்ததைப் பற்றியவை. உங்கள் 40 பக்கங்களில் சிவப்பு வட்டங்கள் எல்லாம் அந்த ஒரு குற்றத்துக்குள் அடங்கிவிடும். ஆகவே இப்போதைக்கு அந்தத் தாள்களை அப்படியே மடித்து வையுங்கள். அந்த உழைப்பு வீண் இல்லை, ஆனால் அது கடைசி வாரத்து வேலை. எப்படியும் மாற்றி எழுதப்போகிற ஒரு பத்தியில் ‘க்’ போட்டுக்கொண்டிருப்பது, இடிக்கப்போகிற சுவருக்கு வெள்ளையடிப்பது.

இந்தப் பத்தில் நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது மற்றொன்று விரித்தலில். நானே மாட்டியிருக்கிறேன். அதைச் சொன்னால் படித்துக் காட்டுவது எப்படி வேலை செய்கிறது என்பதும் புரியும்.

என் அம்மாவின் தையல் மெஷினைப் பற்றி ஒரு முறை எழுதினேன். அம்மாவின் அப்பாவுக்கு ரங்கூனில் சின்னத் துணிக்கடை. 1964 மார்ச்சில் கடைகளை அரசுடைமை ஆக்கியபோது அதுவும் போனது. மே மாதம் 50, 100 சாட் (பர்மியப் பணம்) நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். அதற்கப்புறம் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியது அந்த ஒரு மெஷின். எழுதும்போது 1962 ராணுவ ஆட்சியிலிருந்து தொடங்கி, எந்தத் துறை எப்போது அரசிடம் போனது, எத்தனை பேர் கப்பல் ஏறினார்கள் என்று மூன்று பக்கம் சேர்த்துவிட்டேன். தேடித் தேடி எடுத்ததால் ஒன்றையும் விட மனம் வரவில்லை.

சித்தியிடம் படித்துக் காட்டினேன். சித்தி முறத்தில் பச்சைப்பயறு ஆய்ந்துகொண்டே கேட்டார். தாத்தா கடைக்குப் பூட்டுப் போட்ட இடம் வரைக்கும் கை நின்றிருந்தது, ஒரு பயறைக்கூடத் தொடவில்லை. நான் வரலாற்றுப் பக்கங்களுக்குள் போனதும் கை மறுபடி ஆய ஆரம்பித்தது. இன்னும் அரைப் பக்கத்தில், “இரு, சோறு பொங்குது” என்று எழுந்து போனார். திரும்பி வந்து, “ரொம்ப நல்லா எழுதியிருக்கே” என்றார். சித்திக்கு என்னை நோகடிக்கத் தெரியாது. நாலு நாள் கழித்து வேறொருவரிடம், ரங்கூனிலேயே பிறந்து வளர்ந்த என் அண்ணன் மகளிடம் படித்தேன். அதே பக்கத்தில் அவள் கை போனுக்குப் போனது. சோறு பொங்கியது தற்செயல் இல்லை என்று அப்போது புரிந்தது. மூன்று பக்கம் நான்கு வரியானது. மார்ச்சில் கடை போனது, மே மாதம் நோட்டு செல்லாமல் போனது, தாத்தா டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தவை பெரும்பாலும் 100 சாட் நோட்டுகள், அம்மா மறுநாள் மெஷினுக்கு எண்ணெய் விட்டார். அடுத்த முறை படித்தபோது சித்தி எழுந்து போகவில்லை.

இதனால்தான் சொல்கிறேன், வாயால் வரும் கருத்தைவிட, படிக்கும்போது நடப்பதைக் கவனியுங்கள். நம்மில் யாரும் முகத்துக்கு நேரே “சரியில்லை” என்று சொல்ல மாட்டோம். பர்மியர்களோடு பழகிப் பழகி அவர்களுடைய ‘ஆனாடெ’, அதாவது மற்றவர் மனம் நோகக்கூடாது என்ற தயக்கம், நமக்குள் ஊறிவிட்டது. “நல்லா இருக்கா?” என்று கேட்டால் “நல்லா இருக்கு” தவிர வேறு பதில் வர வழியில்லை. ஆகவே அந்தக் கேள்வியையே கேட்காதீர்கள். பதில் சொல்கிறவர் உங்களைக் குறை சொல்லாமலே உண்மையைச் சொல்லிவிடக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள். “எந்த இடம் கண்முன்னால நிக்குது?” “இதில் யார் யார்னு குழப்பம் வந்துச்சா?” “தாத்தா ஏன் திரும்பி வந்தார்னு புரிஞ்சுதா?” இப்படி.

இவற்றைவிட நல்ல சோதனை ஒன்று உண்டு. மறுநாள் போய், “நேத்துப் படிச்சேனே, அந்தக் கதையைச் சொல்லுங்க” என்று கேளுங்கள். அவர் எதை விட்டுவிட்டுச் சொல்கிறாரோ, அது உங்கள் எழுத்தில் இன்னும் உயிர் பெறவில்லை. நீங்கள் எழுதாத ஒன்றைச் சேர்த்துச் சொன்னால், அங்கே ஒரு வெற்றிடம் இருந்திருக்கிறது, அவரே நிரப்பிக்கொண்டார். அதுதான் குன்றக் கூறல்.

யாரிடம் படிப்பது? உங்கள் கதைக்கு மூன்று விதமானவர்கள் வேண்டும், மூன்று பேரிடமும் வேறு வேறு வேலை.

அந்தக் காலத்தை நேரில் கண்டவர் ஒருவர். பாட்டி இருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அதைவிடப் பாக்கியம் என்ன? ஆனால் பாட்டியிடம் நடையைப் பற்றிக் கேட்காதீர்கள், நடந்ததைப் பற்றிக் கேளுங்கள். வண்டி எது, எந்தத் துறையில் ஆற்றைக் கடந்தார்கள், என்ன சாப்பிட்டார்கள், எங்கே வாந்திபேதி ஆரம்பித்தது. புரோம் வழியில், அரக்கான் மலையைத் தாண்டும் தவுங்குப் கணவாயை நோக்கிப் போன கூட்டத்தில் காலரா கண்டது வரலாறு. உங்கள் தாத்தாவின் குடும்பம் ஏன் அங்கிருந்தே திரும்பி வந்தது என்று சொல்லக்கூடியவர் பாட்டி மட்டும்தான்.

இங்கே ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். இரண்டாம் பக்கத்தில் “1942இல் ரங்கூனில் குண்டு விழுந்ததும் மறுநாளே கிளம்பினோம்” என்று தாத்தா சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ரங்கூனில் முதல் குண்டுவீச்சு 1941 டிசம்பர் 23. ஜப்பானியர் நகரத்தைப் பிடித்தது 1942 மார்ச்சில். தாத்தா முதல் குண்டைச் சொன்னாரா, பின்னால் விழுந்ததைச் சொன்னாரா என்பதைப் பொறுத்து, அவர்கள் கிளம்பியது குளிர்காலமா கோடையா என்பதே மாறும். பிள்ளை நடந்த பாதையில் தண்ணீர் இருந்ததா இல்லையா என்பது மாறும். பாட்டியிடம் “எந்த வருஷம்?” என்று கேட்டால் வராது. “கிளம்பினப்போ பொங்கல் முடிஞ்சிருந்துதாமா? மாம்பழம் வந்துடுச்சா?” என்று கேளுங்கள், வரும். தாத்தா சொன்ன வாக்கியத்தைத் திருத்தாதீர்கள், அது அவருடைய நினைவு. பக்கத்தில் உங்கள் குரலில் தேதியைச் சொல்லிவிடுங்கள். என் அம்மா கடைசி வரை சாட்டை ‘ரூபாய்’ என்றுதான் சொன்னார். ரூபாய் போய் சாட் வந்தது 1952இல். அம்மா பேசும் இடத்தில் ரூபாய் என்றும், நான் பேசும் இடத்தில் சாட் என்றும் விட்டேன். கேட்ட யாருக்கும் குழப்பம் வரவில்லை.

இரண்டாவது, எதுவும் தெரியாதவர். தமிழ் பேசத் தெரிந்து, 1942 என்றால் என்னவென்றே தெரியாத ஒரு பிள்ளை. பக்கத்து வீட்டில் பதினைந்து, பதினாறு வயதில் ஒன்று இருக்கும். அதனிடம், “புரியாத இடத்தில் கையைத் தூக்கு, அவ்வளவுதான்” என்று சொல்லிப் படியுங்கள். செட்டியார்களின் நிலத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருக்கிறீர்களே, 1938 வாக்கில் கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால் பங்கு நிலம் அவர்கள் கைக்கு வந்திருந்தது என்று. உண்மையான செய்திதான். ஆனால் அது இரண்டாம் பக்கத்தில் ஆள் அரவம் இல்லாத இடத்தில் நிற்கிறது. தாத்தாவின் அப்பா யாரோ ஒருவருடைய வயலில் அறுப்புக்குப் போனார் என்று பின்னால் சொல்கிறீர்களே, அந்த வயல் யாருடையது என்று அங்கே சொல்லுங்கள். அப்போது பிள்ளைகள் கை தூக்க மாட்டார்கள்.

மூன்றாமவர் தமிழ் எழுதத் தெரிந்தவர். வட்டம் போட்டுக் கொடுத்தவரையே கடைசியில் மறுபடி பாருங்கள். இப்போது கதை நிலைத்துவிட்டது, இனி ஒற்று, ண-ன, ர-ற எல்லாம் அவர் கையில். அவரிடம் ஒரு நிபந்தனை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மேற்கோளுக்குள் இருப்பதைத் தொட வேண்டாம். தமிழ்நாட்டிலிருக்கிற உறவினர்களிடம் அனுப்பினால் இது இன்னும் முக்கியம். எங்கள் மலருக்கு வந்த ஒரு கட்டுரையை அங்கே ஒருவர் அன்போடு திருத்திக் கொடுத்தார். ‘சயா’ எல்லாம் ‘ஆசிரியர்’ ஆகியிருந்தது, முகத்தில் பூசும் ‘தனக்கா’ ‘சந்தனம்’ ஆகியிருந்தது. தனக்கா சந்தனம் இல்லை, அது வேறு மரம், வேறு வாசனை. நூற்றைம்பது வருஷம் இந்த மண்ணில் புழங்கிய தமிழ் இது. பிழை என்று ஒருவர் சொன்னதற்காக அதைத் துடைத்துவிட்டால் தாத்தா வேறு ஊர்க்காரராகிவிடுவார். ஊர்ப்பெயரும் அப்படித்தான். ரங்கூனா யாங்கோனா, மோல்மேனா மௌலமியாயினா என்று ஒரு முறை முடிவு செய்து, தனித் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, கடைசி வரை அதையே எழுதுங்கள்.

கருத்துச் சொல்லும்போது என்ன செய்வது? வாயை மூடிக்கொண்டு எழுதிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். “இல்லை சித்தி, நான் என்ன சொல்ல வந்தேன்னா…” என்று ஆரம்பித்தீர்களோ, அவர் இனி எதுவும் சொல்ல மாட்டார். அச்சில் வந்தபிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் போய் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது இல்லையா? விளக்க வேண்டியது எதுவோ அதைத் தாளில் எழுதுங்கள். அன்று ராத்திரி திருத்த உட்காராதீர்கள். ஒரு ராத்திரி போனால் சுட்டது ஆறும், சொன்னது மட்டும் நிற்கும்.

கேட்பவர் “இங்கே எனக்குச் சலிப்பு வந்தது” என்றால் அதை நம்புங்கள், அது நடந்த விஷயம். “அதனால் இங்கே ஒரு பாட்டுச் சேர்” என்றால் அதை நம்ப வேண்டியதில்லை. நோவு அவருக்குத் தெரியும், மருந்து உங்களுக்குத்தான் தெரிய வேண்டும். பல சமயம் சலிப்பு வந்த இடத்தில் பிழை இருக்காது, அதற்கு இரண்டு பக்கம் முன்னால் இருக்கும். ஒருவர் மட்டும் சொன்னால் குறித்து வையுங்கள். தொடர்பில்லாத இரண்டு பேர் ஒரே இடத்தில் தடுக்கினால் அந்த இடத்தைத் திருத்தியே ஆக வேண்டும்.

குடும்பத்தார் “இதை எடுத்துவிடு” என்று சொல்வது இதில் சேராது. பெரியப்பாவின் இரண்டாவது கல்யாணம், சொத்துத் தகராறு, யாரிடம் எந்த அடையாள அட்டை இருக்கிறது, யார் எந்த வழியாக எல்லை தாண்டினார் என்பவை எல்லாம் எழுத்தின் அழகைப் பற்றிய கருத்துகள் இல்லை. உயிரோடு இருக்கிறவர்களின் வாழ்க்கை. நம் நாட்டில் ஒரு வரி ஒருவருக்கு என்ன கொண்டுவரும் என்று எழுதுகிறவருக்குத் தெரியாது, அவருக்குத்தான் தெரியும். அப்படிப்பட்டவரிடம் அவர் வரும் பக்கத்தை மட்டும் தனியாகப் படித்துக் காட்டிச் சம்மதம் வாங்குங்கள். வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள். கதைக்கு அதனால் கொஞ்சம் நஷ்டம் வந்தாலும் பரவாயில்லை.

40 பக்கத்தையும் ஒரே மூச்சில் யாரிடமும் படிக்காதீர்கள். ஐந்து பக்கம், ஒரு டீ குடிக்கிற நேரம். அதற்கு மேல் யாராலும் கவனமாகக் கேட்க முடியாது. ஒரே ஆளிடம் திரும்பத் திரும்பப் போகாதீர்கள். இரண்டாம் முறை அவருக்குக் கதை தெரிந்துவிடும், குழப்பம் தெரியாது. இரண்டாவது திருத்தத்துக்கு ஒரு புதுக் காதை மிச்சம் வைத்திருங்கள். உங்களிடம் யாராவது எழுதிக்கொண்டு வந்தால், எவ்வளவு வேலை இருந்தாலும் உட்கார்ந்து கேளுங்கள். மற்றவர் எழுத்தில் எங்கே நம் மனம் எழுந்து போகிறது என்று பார்க்கப் பழகினால், நம் எழுத்தில் அதைக் கண்டுபிடிப்பது பாதி சுலபமாகிவிடும்.

கடைசியாக உங்கள் முதல் பக்கத்துக்கு வருகிறேன். அந்தச் சொம்பு. எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கிளம்பிய வீட்டில், பத்து வயசுப் பிள்ளை கையில் ஒரு சொம்பு மட்டும் இருந்தது என்கிறீர்கள். எனக்கு அந்த இடத்தில் மனசு நின்றுவிட்டது. ஆனால் நீங்கள் அனுப்பியதில் அதற்கப்புறம் சொம்பு வரவில்லை. வழியில் விற்றார்களா, தண்ணீர் மொள்ள யாருக்காவது கொடுத்தார்களா, திரும்பி வரும்போதும் கையில் இருந்ததா? மீதி 38 பக்கத்தில் எங்காவது இருந்தால் சந்தோஷம். இல்லையென்றால் இந்த வாரமே பாட்டியிடம் கேட்டு எழுதுங்கள். பிறகு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்து, பிள்ளைகள் போனதும், அந்த ஐந்து பக்கத்தை எடுத்துக்கொண்டு வாருங்கள். என் கையில் கொடுக்க வேண்டாம். நீங்கள் படியுங்கள், நான் கேட்கிறேன்.